இடது காலின் சத்தம்

"பயணிகளின் கவனத்திற்கு" என்று ரயில் நிலையத்தில் ஒரு பெண் குரல் சொல்லுமே, அதில் வருகிற "ப" மைக்கில் மோதி வெடிக்காமல் பார்த்துக்கொண்டவள் அண்ணி. குரல் அவளுடையதல்ல. அந்தக் குரலைப் பதிவு செய்தது அவள். லிஃப்ட், வங்கித் தொலைபேசி, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடப்புத்தகங்கள் என்று பதினேழு வருடங்களாக மனிதர்கள் பேசுவதை மட்டும் பதிவு செய்து வந்தாள். ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத அறை அவளுடைய ஸ்டூடியோ.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் உண்மையில் ஒருத்திதான், கணவனின் தங்கை. அந்தத் தங்கையின் இசைக்குழுவில் இருந்த மற்ற மூன்று பேரும் கேட்டுக் கேட்டு அப்படியே கூப்பிடப் பழகி, கடைசியில் கீழே இருந்த செருப்புக் கடைக்காரருக்குக்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

தங்கைக்கு வீட்டில் பெயர் வாலு. ஓர் இடத்தில் உட்காராத குழந்தை என்பதால் வைத்த பெயர். இருபத்தேழு வயதாகியும் அது போகவில்லை. பகலில் லேத் பட்டறையில் இரும்பு கடைவாள். சாயங்காலமானால் ஒரு ஹெவி மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசிப்பாள். கிட்டார்கள் உறும, பாடுகிறவன் தொண்டையைக் கிழிக்க, அத்தனைக்கும் அடியில் டிரம்ஸ் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும் இசை அது. அவர்கள் குழுவின் கிட்டார்காரனுக்கு மொட்டை என்று பெயர். அந்த இசை வாசிக்கிறவர்கள் எல்லாரும் இடுப்பு வரை முடி வளர்த்துத் தலையைச் சுழற்றும்போது, இவனுக்கு இருபத்துமூன்று வயதிலேயே எல்லாம் கொட்டிவிட்டது. "எங்கிட்ட சுத்தறதுக்குத் தலை மட்டும்தான் இருக்கு" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை மதிய இடைவேளையில் வாலு பட்டறை உடுப்போடு மாடியேறி வந்தாள். கையில் கிரீஸ் கறை. ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

"இதைக் கேளுங்க அண்ணி."

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். குழுவின் பாட்டு. டிரம்ஸ் கணக்குப் பிசகாமல், ஒவ்வோர் அடியும் ஆணி அறைந்த மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அது நான் இல்ல அண்ணி."

அண்ணிக்குப் புரியவில்லை. வாலு நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். போன வருடம் ஊரிலேயே பெரிய ஸ்டூடியோவில் இரண்டு நாள் பதிவு செய்தார்கள். பாட்டு கைக்கு வந்தபோது அவள் காலால் அடித்த கிக் டிரம், தரையில் படுத்திருக்குமே அந்தப் பெரிய டிரம், அதன் அடிகள் எல்லாமே மாற்றப்பட்டிருந்தன. கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த ஓர் அடியை எடுத்து, அவள் அடித்த இடத்திலெல்லாம் ஒட்டியிருந்தார் அங்கிருந்த என்ஜினீயர்.

"ஒரே அடி. ரெண்டாயிரம் தடவை ஒட்டியிருக்காரு. ஏன் சார்னு கேட்டா, உன் இடது கால் வீக்கும்மா, ஒண்ணு விட்டு ஒண்ணு அடி காணாமப் போகுது, நான் உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்னாரு."

இடது கால் என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும் அண்ணி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

அந்தக் கால் விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாலுவுக்குப் பதின்மூன்று வயதில், சைக்கிளில் போனவளை ஒரு வேன் தட்டியது. இடது கணுக்கால் நொறுங்கி, இரண்டு அறுவை சிகிச்சை நடந்து, உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணியும் வைத்தார்கள். நடப்பாள், ஆனால் ஓடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். அவள் ஓடவில்லை. பதினெட்டு வயதில் டிரம்ஸ் பக்கம் போனாள். அதிலும் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பெடல் உள்ள வாசிப்பைத்தான் பிடித்தாள். ஒரே டிரம்மை இரண்டு சுத்தியல்கள் மாறி மாறி அடிக்கும், வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. "எனக்குள்ளேயே மெட்டல் இருக்கு, வேற எதை வாசிக்கச் சொல்றீங்க?" என்பாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி தினமும் காலையில் காபி போடும்போது கேட்ட சத்தம், மாடியறையில் வாலு ரப்பர் பலகைமேல் இடது காலை மட்டும் வைத்து அடித்துப் பழகுகிற சத்தம்தான். வேலைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம். ஏழு வருடம். அந்தக் காலைப் பார்த்து வீக் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"நீங்க பதிவு பண்ணுங்க அண்ணி. ஒரே ஒரு பாட்டு. என் கால் எப்படி அடிக்குதோ அப்படியே வரணும். மோசமா இருந்தா மோசமாவே இருக்கட்டும்."

"நான் பேசறவங்களை மட்டும்தானேடி பதிவு பண்ணியிருக்கேன்?"

"இதுவும் பேச்சுதான் அண்ணி. கொஞ்சம் சத்தமா பேசும், அவ்வளவுதான்."

அண்ணி அன்றைக்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே குழு ஒத்திகை பார்க்கிற கொட்டகைக்குப் போய்விட்டாள். வாலு வாசித்துக்கொண்டிருக்க, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு காதை டிரம்ஸுக்கு நேராக நீட்டியபடி சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்தாள், குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள், ஸ்டூல்மேல் ஏறினாள். மொட்டை கிட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"அண்ணி என்ன பண்றாங்க, எதையாவது தொலைச்சுட்டாங்களா?"

"மைக்குக்கு ஒரு காதுதான்டா" என்றாள் அண்ணி. "அதான் நானும் ஒரு காதால கேக்கறேன். எங்க நின்னா எது நல்லா கேக்குதுன்னு தெரிஞ்சாத்தானே மைக்கை எங்க வைக்கிறதுன்னு தெரியும்?"

மூன்று வாரம் இப்படிப் போனது. இரவு முழுக்கப் படிக்கிற ரகம் இல்லை அவள். லிஃப்ட் குரல்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். முன்னால் இருக்கும் சிறிய டிரம்மான ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கிக் டிரம்முக்கு உள்ளே ஒன்று. மற்ற மூன்று டிரம்முக்கும் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஒவ்வொன்று. சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுகளுக்காகத் தலைக்கு மேலே இரண்டு. தூரத்தில், அறை எப்படி ஒலிக்கிறது என்று கேட்க ஒன்று. ஆக ஒன்பது மைக். அவளிடம் இருந்தது நாலு. மேடைக் கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கி போடுகிறவர் ஒருவர் மீதி ஐந்தைக் கொடுத்தார். "இதை வெச்சு என்னம்மா பதிவு பண்ணப் போறே, ரயில் வருகையா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள் அண்ணி.

இடம்தான் கிடைக்கவில்லை. அவள் ஸ்டூடியோவில் டிரம்ஸை வைத்தால் வாசிக்கிறவள் வாசலில் உட்கார வேண்டும். ஒத்திகைக் கொட்டகையோ தகரக் கூரை, எதை அடித்தாலும் தகரமும் சேர்ந்து பாடியது. கடைசியில் வழி சொன்னது அவள் கணவன். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் அவன் கிடங்குப் பொறுப்பாளர்.

"எங்க கிடங்கு வாரவிடுமுறையில சும்மாத்தான் கிடக்குது. முதலாளிகிட்ட கேக்கவா?"

அண்ணி போய் நடுக் கிடங்கில் நின்று ஒரு தடவை கை தட்டினாள். சிமெண்டுத் தரை, முப்பது அடி உயரக் கூரை. தட்டிய சத்தம் ஒரு சுற்றுச் சுற்றி, யாரோ பின்னால் நின்று பதில் தட்டிய மாதிரி திரும்பி வந்தது.

"ரொம்ப எதிரொலிக்குதுங்க."

"அப்படின்னா என்ன வேணும்?"

"சத்தம் மோதுற சுவர் கொஞ்சம் மெத்துனு இருக்கணும். ஆனா முழுசா செத்தும் போகக் கூடாது."

கணவன் சுற்றிப் பார்த்தான். கட்டுக் கட்டாக மடித்து அடுக்கிய அட்டைகள் கிடங்கு முழுக்க இருந்தன. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாரவிடுமுறைக் காலையில் அவன் தானே சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டி, பதினொரு அடி உயரத்துக்கு அட்டைக் கட்டுகளால் மூன்று பக்கம் சுவர் எழுப்பினான். ஒரு கட்டு உள்ளே, ஒரு கட்டு வெளியே என்று பல்வரிசை மாதிரி அடுக்கச் சொன்னாள் அண்ணி. அடுக்கினான். மறுபடி கை தட்டினாள். சத்தம் போய், ஒரு மூச்சு நின்று, அடங்கியது.

"இது போதும்."

"யார் கேட்டாலும் ஸ்டூடியோ கட்டினது நான்தான்னு சொல்லுவேன்" என்றான் அவன். சொல்லியும் விட்டான், அங்கே டீ கொண்டுவந்த காவலாளியிடம்.

பத்து மணிக்கு வாலு டிரம்ஸைப் பூட்டி முடித்தாள். எல்லாவற்றுக்கும் புதுத் தோல். சாவியை வைத்து ஒவ்வொரு திருகாக முறுக்கி, தட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கி, அதற்கே ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கிக் டிரம்முக்குள் ஒரு தலையணை வைத்தார்கள், அடித்த பிறகு அது இழுத்து முனகாமல் இருக்க. தலைக்கு மேலே வருகிற இரண்டு மைக்குகளுக்கும் ஸ்னேருக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடி ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போய் விழும். அண்ணி ஸ்னேரின் நடுவில் ஒரு நூலைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை மைக் வரை இழுத்து அளந்தாள். நூலைப் பிடித்தவன் மொட்டை.

"அண்ணி, என்னைச் சட்டை தைக்கக் கூப்பிட்டீங்களா, பாட்டுக்குக் கூப்பிட்டீங்களா?"

"ஆடாம பிடிடா."

முதலில் ஸ்னேர் படுத்தியது. மேலே இருந்த மைக்கைத் தனியாகக் கேட்டால் நன்றாக இருந்தது. கீழே இருந்ததைத் தனியாகக் கேட்டால் அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் காற்றுப் போன பந்து மாதிரி ஆனது. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் நோட்டைப் புரட்டினாள். பிறகு நோட்டை மூடிவிட்டு யோசித்தாள்.

"மேல் தோலை அடிச்சா அது கீழ போகுது, அதாவது மேல் மைக்கை விட்டு விலகுது. அதே நேரத்துல கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கி வருது. ஒண்ணு இழுக்குது, ஒண்ணு தள்ளுது. ரெண்டையும் கூட்டினா ஒண்ணுமில்லாமப் போகுது."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றான் கணவன்.

பதிவுக் கருவியில் கீழ் மைக்குக்கு நேராக இருந்த ஒரு பொத்தானை அவள் அழுத்தினாள். அந்த மைக்கின் சத்தம் தலைகீழானது. வாலு மறுபடி அடித்தாள். கிடங்கின் இரும்புக் கதவு அதிர்ந்தது. ஸ்னேர் முழு உடம்போடு வந்துவிட்டது.

மதியம் ஒரு மணிக்குமேல் கிக் டிரம்முக்கு வந்தார்கள். அண்ணி மைக்கை டிரம்மின் முன்னால் இருந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, அடி விழுகிற இடத்துக்கு நேராக நிறுத்தினாள். சுத்தியல் தோலில் படும் "டிக்" என்ற முனை இருந்தால்தான் அத்தனை வேகத்தில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும். இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து குழைந்த சோறாகிவிடும். வாலு இரண்டு கால்களாலும் முழு வேகத்தில் அரை நிமிடம் வாசித்தாள். நிறுத்தி, ஹெட்ஃபோனுக்காகக் கை நீட்டினாள். அண்ணி பதிவை ஓட விட்டாள்.

டிக், தும், டிக், தும், டிக், தும்.

வலது அடி தெளிவாக இருந்தது. அடுத்து வந்த ஒவ்வொன்றும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

வாலு ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாகச் சிம்பல்மேல் மாட்டினாள்.

"அவர் சொன்னது சரிதான்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து அட்டைச் சுவரைத் தாண்டிப் போய், வாசலில் இருந்த மரப்பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். மொட்டை பின்னாலேயே போகப் பார்த்தான். அண்ணன்காரன் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினான்.

அண்ணி மட்டும் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் போய் வாலுவைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது கேட்பது. ஆகவே மறுபடி கேட்டாள். டிக், தும். மறுபடியும். பிறகு, வேறு எதுவும் தோன்றாததால், தூரத்தில் இருபது அடி தள்ளி வைத்திருந்த மைக்கை மட்டும் திறந்து மற்ற எட்டையும் மூடினாள்.

தும், தும், தும், தும்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. ஒரு கால் பலவீனமாக அடித்தால் அது இருபது அடிக்கு அப்பாலும் பலவீனமாகத்தானே கேட்க வேண்டும்?

பாடப்புத்தகம் வாசிக்க வருகிற ஒரு வரலாற்று வாத்தியார் அவள் ஞாபகத்துக்கு வந்தார். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அவர் முகத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுவார். சத்தம் குறையாது. ஆனால் "ச"வும் "த"வும் முனை மழுங்கிப் போகும். சத்தம் குறைந்தால் ஆள் மெதுவாகப் பேசுகிறார். முனை மழுங்கினால் ஆள் மைக்கைப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அவளுக்குத் தூக்கத்தில்கூட முடியும். பதினேழு வருடமாக அவள் வாங்கிய சம்பளமே அதற்குத்தான். வாலுவின் இடது அடியில் குறைந்திருந்தது பலம் அல்ல, முனை.

கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்து டிரம்முக்குள் பார்த்தாள். புதுத் தோல் என்பதால் சுத்தியல் பட்ட தடம் வெளுப்பாகத் தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒரே டிரம்மை இரண்டு சுத்தியல் அடிக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் எப்படி விழும்? வலது தடம் நட்ட நடுவில் இருந்தது. இடது தடம் அதிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி. மைக் வலது தடத்தை மூக்கோடு மூக்காகப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வாலு, இங்க வா."

"வேணாம் அண்ணி. மாத்தி ஒட்டிடலாம்."

"வான்னா வா. ஷூ போட்டுட்டு வா."

வாலு வந்து உட்கார்ந்தாள். முகம் இறுகியிருந்தது. அண்ணி ஒன்றும் விளக்கவில்லை. டிரம்முக்குள் கையை விட்டு மைக்கை இடது தடத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"முன்னாடி மாதிரியே வாசி. வலது கால்ல ஆரம்பி. ஒண்ணும் மாத்தாத."

வாசித்தாள். அண்ணி இந்தத் தடவை ஹெட்ஃபோனில் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் ஓட விட்டாள்.

தும், டிக், தும், டிக், தும், டிக்.

மொட்டைதான் முதலில் வாயைத் திறந்தான்.

"இப்ப வலது கால் செத்துப் போச்சே."

"அதான்" என்றாள் அண்ணி. "இப்ப சொல்லு வாலு. எந்தக் கால் வீக்?"

வாலு தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள், அவை யாருடையவோ என்பது போல. பிறகு தானும் தரையில் படுத்து உள்ளே பார்த்தாள். அண்ணி விளக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடங்களையும் காட்டினாள். இரண்டும் ஒரே அளவு. ஒரே அழுத்தம்.

"கால்ல ஒண்ணும் இல்லடி. மைக் வேற பக்கம் பாத்துட்டு இருந்துச்சு. அங்கயும் அதேதான் நடந்திருக்கணும். அவர் மைக்கை நகர்த்தலை. உன் காலைக் குத்தம் சொல்லிட்டாரு."

தரையில் படுத்திருந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. டிரம்முக்குள் தலையை விட்டபடி அவள் என்னவோ சொன்னது கேட்டது. எதிரொலியில் ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம் அண்ணி. ஒரு வருஷமா தினமும் காலையில இந்தக் காலைத் திட்டிட்டே அடிச்சிருக்கேன்."

அண்ணன்காரன் ஒரு அட்டைக் கட்டு சரியாக இல்லை என்று சொல்லி, சுவருக்குப் பின்னால் போய்விட்டான். அந்தக் கட்டு சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலின் கட்டைப் பிரித்த நாளில் தங்கையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியவன் அவன்.

மைக்கை இரண்டு தடங்களுக்கும் நடுவில் பார்க்கிற மாதிரி வைத்து, ஒரு சாண் பின்னால் இழுத்தாள் அண்ணி. வாசித்தாள் வாலு. டிக், டிக், டிக், டிக். தையல் மெஷின் போட்ட தையல் மாதிரி. ஒன்றை விரலால் சுட்டி இது வலது, இது இடது என்று யாராலும் சொல்ல முடியாது. மொட்டை கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பார்த்து, ஐந்து தடவையில் மூன்று தடவை தோற்றான்.

"மறுபடி போடுங்க அண்ணி" என்று வாலு நாலு தடவை கேட்டாள். அண்ணி நாலு தடவையும் போட்டாள்.

பாட்டை மூன்று முறை எடுத்தார்கள். முதல் முறை வாலு சந்தோஷத்தில் வேகம் ஏறி, மொட்டையை நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவதில் குச்சி கை நழுவியது. மூன்றாவது முறை வாசிக்க உட்கார்ந்தபோது அவள் எதையும் பார்க்கவில்லை. கண் ஓர் இடத்தில் நின்றது. நாலு நிமிடம் பத்து நொடி. அந்த நாலு நிமிடமும் அண்ணி மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. கிக் டிரம்மின் ஊசி கருவியில் ஒரே உயரத்தில் துடித்துக்கொண்டே இருந்தது. ஸ்னேர் அறையைப் பிளந்தது, அட்டைச் சுவர் அதை வாங்கி அளவாகத் திருப்பிக் கொடுத்தது. சிம்பல்கள் தலைக்கு மேலே விரிந்து இரண்டு காதுக்கும் சமமாக இறங்கின. நடுவில் ஓரிடத்தில் குச்சி ஸ்னேரின் விளிம்பில் பட்டு "டக்" என்றது. கடைசி அடியும் அடங்கி, சிம்பலின் ரீங்காரம் ஓய்ந்து, வெளியே காவலாளி இருமுகிற சத்தம் வரும்வரை அண்ணி பதிவை நிறுத்தவில்லை.

"விளிம்புல பட்டதை மட்டும் சரி பண்ணிடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும் அண்ணி. அதுவும் நான்தான்."

கிட்டார்களையும் குரலையும் பிறகு சேர்த்து, டிரம்ஸில் ஒரு அடியைக்கூட மாற்றாமல் பாட்டு வெளியே போனது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரிய ஸ்டூடியோ என்ஜினீயர் அண்ணிக்குப் போன் செய்தார். மரியாதையான மனிதர். பாட்டைக் கேட்டதாகவும், கிக் டிரம்முக்கு எந்தக் கம்பெனியின் சத்தத்தை எடுத்து ஒட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்றும் கேட்டார்.

"எதையும் ஒட்டலை சார். அவ கால்தான்."

அண்ணி நினைத்திருந்தால் அதோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு மறைத்து வைப்பதில் இஷ்டமில்லை. இரண்டு தடத்தையும் மூன்று விரற்கடையையும் சொன்னாள். தூரத்து மைக்கையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் அவர் போன் செய்தது வாலுவுக்கு. பழைய பதிவைத் தேடியெடுத்துக் கேட்டாராம். "என்கிட்டயும் தூரத்து மைக் இருந்துச்சும்மா, நான்தான் அதைத் திறந்து பாக்கலை. தப்பு என்மேல" என்றாராம். வாலு அப்போது பட்டறையில் இருந்தாள். போனை வைத்துவிட்டு லேத்தை ஓட விட்டவள், அன்றைக்கு உடன் வேலை செய்த எல்லாருக்கும் டீ சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்குக் காலைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு விளையாட்டுத் திடலில், சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே, ஆறு குழுக்கள் வாசித்தன. அண்ணி இதற்குமுன் இந்த மாதிரிக் கூட்டத்துக்கு வந்ததில்லை. கணவன் அவளை இழுத்துக்கொண்டு முன்வரிசைத் தடுப்புக் கம்பிவரை போய்விட்டான். மேடையில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் கிக் டிரம்முக்குள் மைக்கை வைத்துவிட்டு நகர, வாலு பின்னாலேயே முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டாள். அந்த ஆள் ஏதோ கேட்டார். அவள் மூன்று விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் குனிந்து உள்ளே பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் அடியிலேயே தடுப்புக் கம்பி அண்ணியின் உள்ளங்கையில் அதிர்ந்தது. வேகமான இடம் வந்தபோது திடலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இத்தனை ஆர்ப்பாட்டத்திலும் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக வந்து அவள் மார்பில் தட்டியது. பக்கத்தில் நீண்ட முடியோடு நின்ற ஒருத்தி, வாயைக் காதருகே கொண்டுவந்து கேட்டாள்.

"யாருக்கா அந்த டிரம்மர்? தெரியுமா உங்களுக்கு?"

பதில் சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் கணவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, "எங்க வீட்டுப் பொண்ணு" என்று கத்திவிட்டான். அது அந்த நீள முடிக்காரிக்கு மட்டுமல்ல, பின்னால் பத்து வரிசைக்குக் கேட்டிருக்கும். அண்ணி சிரித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்று.